அரை கிரவுன் உபயம்: ஒரு கண்ணாடிச் சன்னலின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவில் தேவாலயச் சன்னல்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்றே தயங்கினார்கள். நிலம், இடஒதுக்கீடு, ஆணவக் கொலை என்று பேச வேண்டியது மலைபோலக் கிடக்கும்போது வண்ணக் கண்ணாடியா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் உள்ள பதில் இதுதான்: இது பணம் யாருடையது, முகம் யாருடையது என்ற கேள்வி. நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியே.

என் சிறுவயதுக் கோயிலிலிருந்து தொடங்குகிறேன். ஊர்த்தெருவில் இருந்தது கோயில். எங்களுக்குப் பின்வரிசை. உள்ளே எரியும் டியூப் லைட்டுகளில் பாதி நீளத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ‘உபயம்’ என்று எழுதி, கீழே கொடுத்தவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருக்கும். பெயர் போக மிச்சமிருந்த இடத்தில்தான் வெளிச்சம். பீடத்துக்கு மேலே இருந்த சிறிய வண்ணக் கண்ணாடியிலும் ஒரு குடும்பத்தின் பெயர் உண்டு. எங்கள் தெருக்காரர் பெயர் எதிலும் இல்லை. கொடுக்க வழியில்லாமல் இருந்ததால் மட்டுமல்ல. திருவிழா வரியை எங்களிடம் வாங்கவே மாட்டார்கள். என் தாத்தா ஒரு வருஷம் ரூபாயை எடுத்துக்கொண்டு போய் நின்றார், திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் தாத்தா என்று கேட்டேன். “வாங்கிட்டா தேர் நம்ம தெருவுக்குள்ள வரணும்ல” என்றார். சமூகவியல் முதுகலையில் இரண்டு வருஷம் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வரி வாங்குவது என்பது பங்கை ஒப்புக்கொள்வது. அதனால்தான் நம் காசைத் தொடமாட்டார்கள்.

இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போவோம். பர்மிங்ஹாம் நகரம், 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயம்.

அந்தச் சபை 1873இல் தொடங்கியது. இன்று நிற்கும் கட்டடம் 1911இல் முடிந்தது. வரைந்தவர் வாலஸ் ரேஃபீல்ட், கறுப்பினக் கட்டடக் கலைஞர். கட்டியதும் கறுப்பினத்தவர் நடத்திய ஒப்பந்த நிறுவனமே. வெள்ளையர் ஆலயங்களில் மாடியிலும் மூலையிலும் உட்கார்த்தி வைக்கப்பட்ட மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய கோயில் அது. 1963 மே மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இனஒதுக்கலை எதிர்த்து ஊர்வலமாகப் புறப்பட்டதும் இங்கிருந்துதான். அவர்கள்மீது போலீஸ் நாய்களை ஏவினார்கள், தீயணைப்புக் குழாய்களைத் திருப்பினார்கள். அந்தத் தண்ணீரின் வேகம் ஆளைச் சுவரோடு அறையும்.

அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிறு காலை. பக்கவாட்டுப் படிக்கட்டின் அடியில் கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் வைத்த டைனமைட் வெடித்தது. அடித்தளத்திலிருந்த பெண்கள் அறையில் ஐந்து சிறுமிகள் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நாயருக்கு 11. இந்த நால்வரும் இறந்தார்கள். ஐந்தாவது சிறுமி ஆடி மேயின் தங்கை சாரா, வயது 12. தன் அக்கா டெனிஸின் கவுன் பட்டையைப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததே கடைசியாகக் கண்ட காட்சி என்று சாரா பிற்காலத்தில் சொன்னார். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேசவேண்டும்.

ஆலயத்தின் வண்ணச் சன்னல்கள் நொறுங்கின. ஒன்று மட்டும் சட்டத்தோடு நின்றது. அதில் இயேசுவின் உருவம் இருந்தது, உடையும் கைகளும் அப்படியே இருந்தன. முகம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. முகமிருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வெள்ளையராக வரையப்பட்ட முகம் அது. அந்த வாரங்களில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, முகம் போனதற்கு அவர் அழவில்லை. தெய்வங்களை உண்டாக்கியவர்கள் நாம் என்றால் அவருக்கு ஒரு புதிய முகத்தைக் கொடுக்கவேண்டிய நேரம் இதுவாக இருக்கலாம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

புதிய முகம் வந்தது. கடல் தாண்டி, வேல்ஸிலிருந்து.

ஜான் பெட்ஸ் 1914இல் லண்டனில் பிறந்து வேல்ஸில் குடியேறிய கலைஞர். மரச்செதுக்கு ஓவியத்தில் தொடங்கிக் கண்ணாடிக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். கார்மார்தன்ஷயர் கடற்கரையில் லான்ஸ்டெஃபன் என்ற கிராமத்தில் அவர் பட்டறை இருந்தது. குண்டுவெடிப்புச் செய்தியை வானொலியில் கேட்டார். பிள்ளைகளைப் பெற்ற தகப்பனாகத் தான் அதிர்ந்ததாகவும், கையில் தெரிந்த தொழிலைக்கொண்டு என்ன செய்யமுடியும் என்று யோசித்ததாகவும் பின்னர் சொன்னார். கார்டிஃப் நகரிலிருந்து வெளிவரும் ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழின் ஆசிரியர் டேவிட் கோலைத் தொலைபேசியில் அழைத்தார். உடைந்த சன்னலுக்குப் பதிலாக ஒரு சன்னல் செய்து தருகிறேன், பணத்துக்கு வழி பாருங்கள் என்றார்.

கோல் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனை போட்டார். என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது அந்த நிபந்தனைதான். யாரும் அரை கிரவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாது. அரை கிரவுன் என்றால் இரண்டரை ஷில்லிங், ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்கு. ஒரு பணக்காரர் பெருந்தன்மையோடு மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டு காரியத்தை முடித்துவிடக்கூடாது, வேல்ஸ் மக்கள் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. இலக்கு 500 பவுண்டு. சில நாட்களில் அது தாண்டிவிட்டது. மொத்தம் சேர்ந்தது சுமார் 900 பவுண்டு. வகுத்துப் பாருங்கள்: எல்லோருமே உச்சவரம்பு வரை கொடுத்திருந்தாலும் 7,200 பேர் கொடுத்திருக்கவேண்டும். கார்டிஃப் துறைமுகப் பகுதியான டைகர் பேயில் கறுப்பினச் சிறுவர்களும் வெள்ளைச் சிறுவர்களும் கைச்செலவுக் காசோடு வரிசையில் நின்றார்கள்.

நம் ஊரில் கோயில் வேலை என்றால் முதலில் பெரிய கையைத்தான் தேடுவார்கள். அது தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. நாமும் மண்டபத்துக்கும் சிலைக்கும் அப்படித்தான் அலைகிறோம். ஆனால் கொடுப்பதற்கு உச்சவரம்பு வைத்து ஒரு நன்கொடை திரட்டியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கீழ்வரம்பு எல்லோரும் வைப்பார்கள். மேல்வரம்பு வைத்தால் சன்னலின் அடியில் எழுத ஒரு பெயர் கிடைக்காது. அங்கே எழுதியிருப்பது வேல்ஸ் மக்கள் கொடுத்தது என்று மட்டுமே.

இதன் அருமை தெரியவேண்டுமானால் வண்ணக் கண்ணாடியின் வழக்கமான பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். இது மலிவான தொழில் அல்ல. மணலைச் சாம்பலோடு உருக்கும்போதே நிறம் கலக்கவேண்டும். கோபால்ட் போட்டால் நீலம், மாங்கனீசு போட்டால் ஊதா. செம்பில் வரும் சிவப்பு ரொம்பக் கெட்டி. முழுக் கனத்துக்கும் சிவப்பாக இருந்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்பை மெல்லிய தோலாக ஒட்டவைப்பார்கள். பிறகு சன்னலின் அதே அளவில் வரைபடம். அதன்படி ஒவ்வொரு துண்டையும் வெட்டி, முகமும் துணிமடிப்பும் வரையக் கண்ணாடித்தூளும் இரும்புத் துருவும் குழைத்த மையைப் பூசி, ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். மை கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். இரண்டு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டையில் துண்டுகளைச் செருகி, மூட்டுக்களைப் பற்றவைத்து, இடுக்குகளில் மக்கு தேய்த்து, காற்றைத் தாங்க இரும்புக் கம்பி கட்டவேண்டும். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிவைத்த கைமுறை பெரிதும் இதுவேதான். ஈயத்தோடு வாழ்நாள் முழுக்கப் புழங்குகிறவன் உடம்பில் ஈயம் ஏறும். வெட்டியவன், சுட்டவன், பற்றவைத்தவன் பெயர் பெரும்பாலும் சன்னலில் இருக்காது. கொடுத்தவன் பெயர் இருக்கும்.

கொடுத்தவன் பெயர் மட்டும் இருந்தால் பரவாயில்லை, கொடுத்தவன் விரும்பிய உலகமும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் எட்வர்ட் கோல்ஸ்டனின் ஊர். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பொறுப்பிலிருந்து, அந்த வணிகத்தில் சேர்த்த செல்வத்தைத் தர்மம் செய்தவர். அந்த நகரத்துப் பேராலயத்தில் அவர் நினைவைப் போற்றும் பெரிய சன்னலில் நல்ல சமாரியன் உவமை வரையப்பட்டிருக்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டியவனின் கதை! அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தேசியப் பேராலயத்தில் 1953இல் வேறு இரண்டு சன்னல்கள் வைத்தார்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகள் ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் இருவரையும் புனிதர்களின் வரிசையில் பக்திமான்களாகக் காட்டும் சன்னல்கள். உபயம்: தென்மாநில வீரர்களின் வழிவந்த பெண்கள் சங்கம். பள்ளிகளில் இனஒதுக்கல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு முந்தைய ஆண்டு. நாள் பார்த்துத்தான் நட்டிருக்கிறார்கள்.

வேல்ஸும் கைகழுவிக்கொள்ளக்கூடிய இடம் அல்ல. வடக்கு வேல்ஸின் பென்ரின் ஸ்லேட் குவாரி, ஜமைக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய பென்னன்ட் குடும்பத்தின் பணத்தில் வளர்ந்தது. அந்தக் குவாரித் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை மூன்றாண்டுகள் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தார்கள். பெட்ஸ் இளம்வயதில் சில காலம் வாழ்ந்தது அந்தக் குவாரியைப் பார்த்த மலைச்சரிவில்தான். கார்டிஃப் நகரில் 1919இல் கறுப்பின மாலுமிகளின் குடியிருப்பை வெள்ளைக் கும்பல் தாக்கியது, உயிர்கள் போயின. மறுபக்கம், பாடகர் பால் ரோப்சனுக்கும் வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களுக்கும் நீண்ட உறவு இருந்தது. அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருந்தபோது, 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகவே அவரைத் தங்கள் விழாவில் பாடவைத்தார்கள். ஆக, அரை கிரவுன் கொடுத்தவர்கள் சுத்தமான வரலாறு உள்ள மக்கள் அல்லர். சுரண்டலின் இரண்டு பக்கமும் தெரிந்த மக்கள். சுத்தமான கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சன்னலுக்கு வருகிறேன். 1965இல் அது பர்மிங்ஹாமில் பொருத்தப்பட்டது. வாசலுக்கு மேலே, சபைக்குப் பின்புறத்தில் இருக்கிறது. பிரசங்கி நிற்கும் இடத்திலிருந்து நேரே தெரியும். சபையார் ஆராதனை முடிந்து திரும்பி வெளியேறும்போது பார்ப்பார்கள். நீலமும் ஊதாவும் நிறைந்த பின்னணியில் ஒரு கறுப்புக் கிறிஸ்து. சிலுவையில் அறைந்தவர்போல் கைகளை விரித்திருக்கிறார், தலை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. தலைக்குமேல் வானவில். பின்னால் குறுக்கே பாய்வது குழந்தைகள்மீது பீய்ச்சிய குழாய்த் தண்ணீர். வலக்கை வெறுப்பையும் அநீதியையும் தள்ளுகிறது, இடக்கை மன்னிப்பை நீட்டுகிறது என்பது பெட்ஸ் தந்த விளக்கம். கீழே மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தை ஒட்டிய ஐந்தே ஆங்கிலச் சொற்கள். சிறியவருக்கு நீங்கள் செய்வதெல்லாம் எனக்கே செய்வது என்ற கருத்து. கருணையைப் பற்றிப் பேசும் வசனம் என்று அதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். குண்டு வெடித்த ஆலயத்தில் அதை வைத்துப் படித்தால் குற்றச்சாட்டாகிவிடுகிறது. எனக்கே வெடிவைத்தீர்கள் என்கிறார்.

இந்தக் கலையில் கறுப்பு முகம் என்பது கருத்தால் மட்டுமல்ல, கைவேலையாலும் கடினமான காரியம். ஐரோப்பிய மரபில் முகத்தை ஏறத்தாழ நிறமற்ற கண்ணாடியில் மெல்லிய பழுப்புக் கோடுகளால் வரைவார்கள். ஒளி தடையில்லாமல் வரும், முகம் தானாக ஒளிரும். கறுப்பு என்பது அந்த மரபில் ஒளியை அடைப்பது, ஈயப் பட்டையின் நிறம், எல்லைக்கோட்டின் நிறம். சாத்தானை இருட்டாகக் காட்ட அது வசதியாக இருந்தது. கறுத்த தோலில் ஒளி ஊடுருவவேண்டும் என்றால் நிறத்தையும் மையின் கனத்தையும் முதலிலிருந்து யோசிக்கவேண்டியிருக்கும். நம் கோயில்களில் மாதாவும் சூசையப்பரும் ஏன் இத்தனை சிவப்பு என்று கேட்டால், வெளிநாட்டு அச்சு அப்படி என்பார்கள். அச்சு மாறாமலிருப்பது யாருக்கு வசதி என்பதுதான் அடுத்த கேள்வி. பரட்டை என்று நாம் அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டையும் நம் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது இந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

எனக்கு இந்தச் சன்னலோடு ஒரு சண்டையும் உண்டு. அந்த இடக்கை. கொன்றவர்களை மன்னிக்கும் கை. குண்டு வெடித்த அன்று அந்த ஆலயத்தின் ஞாயிறு பள்ளிப் பாடத்தின் தலைப்பே மன்னிக்கும் அன்பைப் பற்றியது. 1965இல் மன்னிப்பை நீட்டியபோது கேட்டு வந்தவர் யார்? ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. ராபர்ட் சாம்ப்ளிஸ் 1977இல் தண்டனை பெற்றார். தாமஸ் பிளான்டன் 2001இல், பாபி ஃபிராங்க் செர்ரி 2002இல். நான்காமவர் வழக்கே இல்லாமல் 1994இல் செத்துப்போனார். நீதிக்கு 14 ஆண்டும் 38 ஆண்டும் எடுத்த நாட்டில் மன்னிப்பு மட்டும் 2 ஆண்டில் கண்ணாடியில் ஏறிவிட்டது. பெட்ஸைக் குறைசொல்லவில்லை. அடிபட்டவருக்கு வெளியே நிற்கும் நல்லவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் அது. வெண்மணி, மேலவளவு என்று ஒவ்வொன்றுக்குப் பிறகும் சமாதானக் கூட்டத்துக்கு நம்மைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

அலபாமாவை நாம் இப்படி நெருக்கமாகப் படிப்பது இரவல் உணர்ச்சி அல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், தலித் மாணவர்களிடம் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ‘தீண்டத்தகாத தோழர்’ என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்று இருந்தது, யோசித்தபோது உண்மை என்று பட்டது என்று கிங் 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பர்மிங்ஹாம் சிறுமிகளில் மூவரின் இறுதி ஆராதனையில் பேசியவரும் அவர்தான். நம் பக்கமும் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலுக்கு உள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தார்கள். 1910இல் அதை இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. இன்று கோயில் சுவர் விழுந்த இடங்களிலும் கல்லறைச் சுவர் நிற்கிறது.

வாஷிங்டன் சன்னல்களின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பின ஆலயத்தில் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகு அவற்றை எடுக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2017 செப்டம்பரில் எடுத்தார்கள். அந்த இடத்துக்குப் புதிய சன்னல்களை வடிவமைக்கும் பொறுப்பைக் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற ஓவியர் ஏற்றார். 1955இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். குண்டு வெடித்த அதே 1963இல்தான் அவர் குடும்பம் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியது. 2023 செப்டம்பரில் திறந்த சன்னல்களில் தளபதிகளும் இல்லை, புனிதர்களும் இல்லை. கையில் அட்டைகளோடு ஊர்வலம் போகிறவர்கள் இருக்கிறார்கள். பல முகங்களை அந்த அட்டைகளே மறைக்கின்றன. யாருடைய தனிமுகமும் வேண்டாம் என்று நினைத்தார்போலும். அவர் பெற்றுக்கொண்ட கூலி 18 டாலர் 65 சென்ட். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டைக் குறிக்கும் தொகை. கண்ணாடியில் செய்து கொடுத்த ஆண்ட்ரூ கோல்ட்குலேயின் தந்தையும் அதே பேராலயத்துக்குச் சன்னல்கள் செய்தவர். மற்ற செலவைத் தனியார் அறக்கட்டளைகள் ஏற்றன. 7,200 அரை கிரவுன்கள் அங்கே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிரிஸ்டலிலும் 2020இல் கோல்ஸ்டன் சிலையை மக்கள் துறைமுகத்தில் தள்ளிய பிறகு, செயின்ட் மேரி ரெட்கிளிஃப் ஆலயம் அவர் பெயர் தாங்கிய கண்ணாடிகளைக் கழற்றியது. புதிதாக வைத்தவற்றில் ஒன்று, கறுப்பினத்தவருக்கு நகரப் பேருந்துகளில் வேலை மறுத்ததை எதிர்த்த 1963 புறக்கணிப்புப் போராட்டத்தைக் காட்டுகிறது. அதுவும் 1963தான்.

இனி சாரா காலின்ஸ். வெடித்தபோது அறையின் சன்னல் கண்ணாடி அவர் முகத்தில் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட சில்லுகளை எடுத்தார்கள். வலக்கண் போயிற்று. நான்கு சிறுமிகள் என்றே உலகம் சொல்லிப் பழகியதால் ஐந்தாமவர் பல ஆண்டுகள் யார் நினைவிலும் இல்லை. வீட்டுவேலைக்குப் போய்ப் பிழைத்தார். 2020இல் அவருடைய வழக்கறிஞர்கள் மன்னிப்பும் இழப்பீடும் கேட்டு அலபாமா ஆளுநருக்கு எழுதினார்கள். ஆளுநர் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். இழப்பீடு பற்றிச் சட்டமன்றத்தோடு பேசவேண்டும் என்றார். அப்போது சாராவுக்கு வயது 69. அந்த ஞாயிற்றுக்கிழமையின் ஒரு சில்லு இன்னும் அவருடைய இடக்கண்ணில் இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.